பள்ளிச் சமையலறைக்கு உள்ளூர்த் தோட்டத்துக் காய்கறி

அரசாங்கப் பள்ளிகளும் அலுவலகங்களும் உள்ளூர்க்காரர்களிடம்தான் பொருள் வாங்க வேண்டும் என்று பேசினால் மேடையில் கைத்தட்டல் நிச்சயம். ஆனால் டெண்டர் பெட்டியைத் திறந்தால் ஆகக் குறைந்த விலை போட்டவருக்கே வேலை கிடைக்கிறது. லாரியும் கிடங்கும் வங்கிக் கடனும் உள்ள நிறுவனத்தோடு, இரண்டு ஏக்கரில் கீரை போடுகிறவர் விலையில் மோத முடியுமா?

பிரேசில் நாடு இதற்கு ஒரு வழி கண்டது. அங்கே பள்ளி உணவுத் திட்டம் 1955-இல் தொடங்கியது. இன்று ஏறத்தாழ 4 கோடி மாணவர்கள் அரசாங்கப் பள்ளிகளில் இலவசமாகச் சாப்பிடுகிறார்கள். உணவுக்கு மத்திய அரசு அனுப்பும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்ப விவசாயிகளிடம் செலவிட வேண்டும் என்று 2009-இல் சட்டம் வந்தது. 2025-இல் அது திருத்தப்பட்டு, 2026 ஜனவரி முதல் 45 விழுக்காடு ஆனது.

விழுக்காட்டைக் காட்டிலும் வாங்கும் முறைதான் முக்கியம். இந்தப் பங்குக்கு வழக்கமான டெண்டர் தேவையில்லை. பொது அழைப்பு விடுத்தால் போதும். உள்ளூர்ச் சந்தைகளில் விசாரித்து, கிலோவுக்கு இவ்வளவு என்று நிர்வாகமே முதலில் விலையை அறிவித்துவிடும். விலையில் போட்டி கிடையாது. அதே ஊர் விவசாயிக்கு முதலிடம். அங்கே கிடைக்காவிட்டால்தான் வெளியூர். பூர்வகுடியினருக்கும் நிலச் சீர்திருத்தத்தில் குடியமர்ந்தவர்களுக்கும் முன்னுரிமை உண்டு.

ஒரு குடும்பம் ஒரு நிர்வாகத்திடம் ஆண்டுக்கு இவ்வளவுதான் விற்கலாம் என்ற உச்சவரம்பும் இருக்கிறது. நம் ஊரில் 'அலிபாபா' என்கிறோமே, ஒருவர் பெயரில் இன்னொருவர் கொழுப்பது, அதற்கு இது ஓரளவு தடை.

சிக்கல் இல்லாமல் இல்லை. எல்லா ஊர்களும் 30 விழுக்காட்டை எட்டிவிடவில்லை. விவசாயியிடம் முறையான பில் இல்லையென்றாலோ, சரக்கு ஒழுங்காக வராவிட்டாலோ, சுகாதாரம் சரியில்லை என்றாலோ விதிவிலக்கு உண்டு. விருப்பமில்லாத அதிகாரிக்கு அது வசதியான சாக்காகிவிடும் என்ற சந்தேகம் எழத்தான் செய்யும்.

பாதி வேலை பட்டியல் போடுவதில் இருக்கிறது. அங்கே உணவுப் பட்டியலைத் தயாரிப்பவர் ஊட்டச்சத்து நிபுணர். எந்த மாதம் பூசணி, எந்த மாதம் வாழை என்று விதைப்பதற்கு முன்பே அவர் கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் அறுவடையும் சமையலும் ஒத்துப்போகும். தொலைவில் உள்ள பள்ளிக்குத் தனியாக வண்டி பிடித்தால் கீரை விற்ற காசு எண்ணெய்க்கே போய்விடும். அதனால் விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து அனுப்புகிறார்கள். பெற்றோர், ஆசிரியர் அடங்கிய மன்றம் ஊருக்கு ஊர் கணக்கைப் பார்க்கிறது.