அந்தப் படத்தில் கை இல்லை!

“அவனியாபுரமா? ஜல்லிக்கட்டு ஊராச்சே!” என்பார்கள். அடுத்து, “என்ன வேலை பார்க்கறீங்க?” என்பார்கள். “மெஷின் டிசைன் இன்ஜினீயர்” என்று சொன்னால் ஒரு நிமிஷம் பேச்சே வராது. பிறகு மெதுவாக, “கம்ப்யூட்டர்லதானே?” என்று கேட்பார்கள்.

கம்ப்யூட்டரில்தான் வரைகிறேன். ஆனால் வரைந்தது பட்டறையில் இரும்பாகி எழுந்து நிற்கும். நாங்கள் செய்வது கடையில் கிடைக்கிற மெஷின் அல்ல. ஒரே ஒரு வேலைக்காக, கேட்டவர் தேவைக்கேற்பச் செய்து கொடுப்பது. ரெடிமேட் ஜாக்கெட்டுக்கும், அளவெடுத்துத் தைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்!

நான் மெக்கானிக்கல் படிக்கப் போகிறேன் என்றதும் அப்பத்தா, “இரும்படிக்கிற இடத்துல பொட்டப்புள்ளைக்கு என்னடி சோலி?” என்றார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பின்னால் லலிதா அம்மையாரைப் பற்றிப் படித்தபோது தெரிந்தது.

ஏ. லலிதா, இந்தியாவின் முதல் பெண் இன்ஜினீயர்களில் ஒருவர். 18 வயதில் கணவரை இழந்தார். கையில் நாலு மாதப் பெண் குழந்தை. அந்த நிலையில் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரிகல் படித்து, 1943-இல் முடித்தார். சான்றிதழில் ‘அவன்’ என்று அச்சாகியிருந்ததை அடித்துவிட்டு ‘அவள்’ என்று எழுதிக் கொடுத்தார்களாம்! கல்கத்தாவில் மின்கம்பிப் பாதைகளையும் துணைமின் நிலையங்களையும் வடிவமைத்தார். 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் இன்ஜினீயர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டுக்கும் போய் வந்தார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். இது பெருமையான கதை அல்ல.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாக்குமட்டைத் தட்டு செய்யும் ஹைட்ராலிக் பிரஸ் ஒன்றை வடிவமைத்தேன். ஊறவைத்த மட்டையைச் சூடான அச்சில் வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால் மேல் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்குள் கை போகாது அல்லவா? “பாதுகாப்பான மெஷின்” என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

மூன்றாம் மாதம் போன் வந்தது. மெஷினில் வேலை செய்த அக்காவுக்குக் கையில் அடி. ஓடினேன். நல்லவேளை, கட்டைவிரல் நகமும் கொஞ்சம் தோலும் போனதோடு தப்பியிருந்தார். பார்த்தால், ஒரு பட்டனில் மரச்சீவலைச் செருகி, எப்போதும் அழுந்தியபடி வைத்திருந்தது!

“ஏங்க்கா இப்படிச் செஞ்சீங்க?” என்று கோபமாகவே கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. ஒரு மட்டையை எடுத்து அச்சில் வைத்தார். அது வளைந்து துள்ளி, இங்கிட்டு நகர்ந்தது.

“பாத்தியாம்மா? ஒரு கையால அமுக்கிப் பிடிச்சாத்தான் நிக்கும். எனக்கு ரெண்டு கைதான இருக்கு? ரெண்டையும் நீ பட்டனுக்குக் கேட்டா, மட்டைய யாரு பிடிக்கிறது?”

என் முகத்தில் அறைந்தது போலிருந்தது. போல்ட், நட்டு வரை அத்தனையும் வரைந்திருந்தேன். அந்தப் படத்தில் கை இல்லை! அவர் மேல் தவறில்லை, என் மேல்தான்.

மட்டையை அமுக்கிப் பிடிக்க இரண்டு ஸ்பிரிங் கிளிப் வைத்தேன். இரண்டு பட்டனையும் அரை வினாடிக்குள் சேர்ந்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும், இரண்டையும் விட்டு எடுத்தால்தான் மறுபடி வேலை செய்யும் என்று மாற்றினேன். இனி எதைச் செருகினாலும் மெஷின் ஓடாது. பட்டன் எவ்வளவு தள்ளி இருக்கவேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. கை வினாடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் பாயும் என்று எடுத்துக்கொள்வோம். அச்சு நிற்க அரை வினாடி ஆகுமென்றால் 80 சென்டிமீட்டர். அதற்கு மேலும் கொஞ்சம் சேர்ப்போம். மேஜையையும் அந்த அக்காவின் முழங்கைக்குச் சற்றுக் கீழே வரும்படி இறக்கினேன். “தோள்வலி விட்ருச்சும்மா” என்றார் அடுத்த மாதம். தோள்வலி இருந்ததே அதுவரை எனக்குத் தெரியாது!

எங்கள் மதுரைப் பக்கம் மேலக்காலில் முருகேசன் என்பவர் வாழைநாரில் கயிறு திரிக்க மெஷின் செய்தார். இன்ஜினீயரிங் படித்தவர் அல்ல. சைக்கிள் ரிம்மையும் கப்பியையும் வைத்து, செய்து செய்து பார்த்தே சரிப்படுத்தினார். நார் எப்படிப் போகிறது, கை எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்தவருக்கு மெஷின் வசப்படுகிறது.

சகோதரிகளே, உங்களுக்கும் இரண்டு வார்த்தை. கிரைண்டர் ஓடும்போது கை விடாதீர்கள், முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். சமையல் மேடை முழங்கையை விட 5 முதல் 10 சென்டிமீட்டர் கீழே இருந்தால் தோளும் முதுகும் பிழைக்கும். வேலை செய்யும் இடத்தில் மெஷின் இடைஞ்சலாக இருந்தால், பாதுகாப்புப் பட்டனைக் கட்டிவைக்காமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘நமக்குத்தான் பழக்கமில்லை’ என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போதெல்லாம் புது மெஷின் வரையுமுன், அந்த வேலையைக் கையால் செய்கிறவர் பக்கத்தில் ஒருநாள் முழுக்க உட்கார்ந்துவிடுகிறேன். கம்ப்யூட்டரைத் திறப்பது அதற்குப் பிறகுதான்.