தாடைக்குள் வளரும் கட்டி

தாடையில் புற்று என்றதும் நம்மவர்கள் ஒரே நோயைத்தான் நினைப்பார்கள். இரண்டு வகை உண்டு. இரண்டும் பரவும் வழியும் வேறு.

ஒன்று, எலும்புக்கு உள்ளேயே பிறப்பது. மிக அபூர்வம். பல்லின் எனாமலை உண்டாக்கும் கலங்களின் வழியில் வரும் அமெலோபிளாஸ்ட்டோமா பெரும்பாலும் தீங்கற்ற கட்டி. அரைகுறையாய் வெட்டினால் திரும்ப வளரும். அதன் கொடிய வடிவம் அமெலோபிளாஸ்ட்டிக் கார்சினோமா. அது இரத்த வழியாகப் போனால் அநேகமாகக் குடியேறுமிடம் நுரையீரல். இதில் விசித்திரம், நுண்ணோக்கியில் சாதுவாய்த் தெரிந்த அமெலோபிளாஸ்ட்டோமாகூட மிக அரிதாக, பல வருஷங்களுக்குப் பிறகு நுரையீரலில் தலைகாட்டும். ஆகவே தாடை ஆறிவிட்டது என்று கிளினிக்கை விட்டுவிடக் கூடாது.

ஹட்டன் பக்கத்து லயங்களில் நாம் காண்பது மற்றது. கன்னத்தில் அல்லது ஈறில் தொடங்கி எலும்பை அரிப்பது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, பொயிலை. கொழுந்து மலையில் குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை. நம் நிக்காஹ் வீடுகளிலும் வெற்றிலைத் தட்டு இல்லாமலா? "பொயிலை போடுறதில்லையே" என்பார்கள். பொயிலை சேராத வெற்றிலைக்கூட்டும், வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதி சொல்கிறது.

இந்தப் புற்று முதலில் போவது இரத்தத்துக்கல்ல, தாடைக்குக் கீழும் கழுத்திலுமுள்ள நிணநீர்க் கணுக்களுக்கு. வலியில்லாத கெட்டிக் கட்டியாகத் தட்டுப்படும். எலும்புக்குள் நரம்புக் குழாயை எட்டினால் கீழுதடும் நாடியும் விறைக்கும்.

"பல்லு ஆடுது, புடுங்கிட்டேன், குழி ஆறல்லே" என்று யாராவது சொன்னால் கிராம்பு எண்ணெய் வேண்டாம். பிடுங்கிய குழி வழியாகவும் புற்று எலும்புக்குள் இறங்கும். மூன்று வாரம் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடும் பல், விறைத்த உதடு, வாய் திறக்க முடியாமை: இவற்றுக்குப் பேராதனை பல் வைத்தியசாலைதான் இடம். சிறு துண்டெடுத்துப் பார்த்தால்தான் எந்த வகை என்று தெரியும்.

சமன் வர்ணகுலசூரியவும் சகாக்களும் 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை ஒன்றுண்டு. சாதாரண சுகாதார ஊழியர்களே இலங்கையில் இருபத்தெட்டாயிரம் பேருக்கு மேல் வாயைப் பார்த்து, சந்தேகப் புண்களைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அனுப்பப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மேற்கொண்டு பரிசோதனைக்குப் போகவில்லை. நம் பக்கத்தில் காரணம் தேட வேண்டியதில்லை: பேராதனைக்குப் போய்வந்தால் அன்றைய பேர் போச்சு.