நீர்கொழும்பில் ஈஸ்டர்: கடற்கரை விடுமுறையா, வழிபாடா? இரண்டையும் சேர்த்துக் கொண்டாடுவது எப்படி?

ஈஸ்டர் என்றால் சேர்ந்தாற்போல மூன்று நாள் லீவு. வெயில் வேறு தொடங்கிவிட்டது. 'ஏதாவது பீச் பக்கம் போயிட்டு வரலாமா?' என்று யோசிப்பவர்களுக்குச் சட்டென்று கிடைக்கும் பதில்களில் ஒன்று, இலங்கையின் மேற்குக் கரையில் இருக்கும் நீர்கொழும்பு. சென்னையில் விமானம் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரம். கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கினால் ஊர் பக்கத்திலேயே, ஏறக்குறைய 10 கி.மீ. மணல், தென்னை, வரிசையாக ஹோட்டல்கள், நண்டும் இறாலும் என எல்லாம் உண்டு.

ஆனால் இந்த ஊரின் ஈஸ்டர் மற்ற கடற்கரை ஊர்களின் ஈஸ்டர் மாதிரி கிடையாது. ஒரே நாளில் கொண்டாட்டமும் துக்கமும் உள்ள ஊர் இது. அதைத் தெரிந்துகொண்டு போனால் பயணம் நன்றாக அமையும். தெரியாமல் போனால், பக்கத்து வீட்டில் துக்கம் இருக்கும்போது பாட்டுப் போட்ட கதையாகிவிடும்.

ஏன் நீர்கொழும்பு?

தேவாலயங்கள் நிறைந்த ஊர் என்பதால் இதற்கு 'குட்டி ரோம்' என்றே ஒரு பெயர் உண்டு. கறுவாப்பட்டைக்காக வந்த போர்ச்சுகீசியர்கள் காலத்தில் இந்தக் கரையோர மீனவர்கள் கத்தோலிக்கம் தழுவினார்கள். 17-ம் நூற்றாண்டில் ஊரைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் கத்தோலிக்க வழிபாட்டை ஒடுக்கினார்கள். 1678 என்று ஆண்டு பொறித்த டச்சுக் கோட்டை வாயில் இன்றும் ஊரில் நிற்கிறது.

அந்த ஒடுக்குமுறைக் காலத்தில் விசுவாசத்தைக் காப்பாற்றியவர்கள் கோவாவில் இருந்து வந்த குருக்கள். அவர்களில் ஒருவர் யாக்கோமே கொன்சால்வெஸ். சிங்களத்திலும் தமிழிலும் எழுதிய இவரின் 'வியாகுலப் பிரசங்கம்' என்ற நூல் இயேசுவின் பாடுகளைப் பற்றியது. 1742-ல் அவர் இறந்தது நீர்கொழும்புக்கு வடக்கே உள்ள போலவத்தையில்தான்.

தமிழர்களுக்கு இன்னொரு சுவாரசியமும் உண்டு. இங்குள்ள மீனவர்களில் ஒரு பகுதியினர் சிங்களமும் தமிழும் பேசுபவர்கள். அவர்களின் தமிழை 'நீர்கொழும்பு மீனவர் தமிழ்' என்று மொழியியலாளர்கள் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். சிங்களத்தின் தாக்கத்தால் 'வந்தேன், வந்தான், வந்தார்கள்' என்று ஆளுக்கேற்ப வினைமுற்று மாறுவது அந்தத் தமிழில் மறைந்துவிட்டது.

2019-ல் என்ன நடந்தது?

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. காலை 8.45 மணியை ஒட்டி இலங்கையில் அடுத்தடுத்துத் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்கள் ஆகியவற்றுடன் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயமும் தாக்கப்பட்டது. நாடு முழுவதும் 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இந்த ஒரே ஆலயத்தில், ஈஸ்டர் திருப்பலிக்கு வந்தவர்கள். பல குழந்தைகளும் இறந்தார்கள்.

முன்கூட்டியே உளவுத் தகவல் கிடைத்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதாக 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. முழு உண்மையும் வெளிவர வேண்டும் என்று குடும்பங்களும் திருச்சபையும் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

ஈஸ்டர் தேதி ஆண்டுதோறும் மாறும். அதனால் இந்த ஊர் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு முறை நினைவுகூர்கிறது. ஒன்று ஈஸ்டர் ஞாயிறு, இன்னொன்று ஏப்ரல் 21.

எப்போது போவது?

மார்ச் 21 அல்லது அதற்குப் பின் வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். 2026-ல் ஏப்ரல் 5, 2027-ல் மார்ச் 28.

இதில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் 'போயா' விடுமுறை. அன்று மது விற்பனை கிடையாது. ஈஸ்டர் கணக்கே பௌர்ணமியை வைத்துத்தான் என்பதால், அதற்கு முந்தைய சில நாள்களுக்குள் போயா வந்துவிடும். ஹோட்டல் பதிவு செய்யும்போதே காலண்டரைப் பார்த்துக்கொள்வது நல்லது.

தென்மேற்குப் பருவமழை மே மாதவாக்கில் தொடங்கும். மார்ச், ஏப்ரலில் பிற்பகலுக்கு மேல் இடியுடன் மழை வரலாம். எனவே கடல், படகு எல்லாவற்றையும் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பெரிய வெள்ளி: சத்தம் வேண்டாம்

பெரிய வெள்ளி அன்று திருப்பலி கிடையாது. பிற்பகலில் பாடுகளின் வாசிப்பு, சிலுவை முத்தி, சிலுவைப்பாதை. கத்தோலிக்கர்களுக்கு அது நோன்பு நாள், இறைச்சியும் சாப்பிடமாட்டார்கள். பீச்சில் ஸ்பீக்கர் வைத்து ஆட இந்த நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நடக்கலாம், நீந்தலாம், படிக்கலாம். ஊரே அமைதியாக இருக்கும்போது கடற்கரையும் அழகுதான்.

களப்புக்கும் (காயல்) கடலுக்கும் நடுவே, பாலத்தால் ஊரோடு இணைந்திருக்கும் சின்னத் தீவு தூவ. புனித வாரத்தில் இங்கு நடக்கும் பாடுகளின் நாடகம் பேர்பெற்றது. தமிழ்நாட்டில் இடைக்காட்டூர் 'பாஸ்கா' பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதை விடுதியில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

சனி: காலையில் சந்தை, இரவில் திருவிழிப்பு

மீன் சந்தையைப் பார்க்க வேண்டுமென்றால் சனிக்கிழமை காலையே போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையில் மீனவர்களுக்கு ஓய்வு நாள், சந்தையும் இருக்காது. சந்தையை ஒட்டிய மணலில் விரிப்பு விரித்துக் கருவாடு காயப்போட்டிருப்பார்கள். 'ஞாயிறு மதியம் ஃப்ரெஷ் மீன் வாங்கிச் சமைக்கலாம்' என்ற திட்டம் இங்கு நடக்காது!

இரவு, பாஸ்கா திருவிழிப்பு. கோயில் வாசலில் புதுத் தீ மூட்டி, அதில் பெரிய பாஸ்கா திரியை ஏற்றுவார்கள். இருட்டில் இருக்கும் ஆலயத்துக்குள் அந்த ஒற்றைச் சுடர் நுழையும். அதிலிருந்து ஒவ்வொருவர் கையில் இருக்கும் மெழுகுவத்திக்கும் ஒளி பரவும். நீண்ட வாசகங்களுக்குப் பிறகு 'உன்னதங்களிலே' பாடும்போது மணிகள் ஒலிக்கும். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்து பார்க்கலாம். நற்கருணை வாங்க மட்டும் வரிசையில் போகக் கூடாது. எந்த ஆலயத்தில் எந்த மொழியில், எத்தனை மணிக்கு வழிபாடு என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். ஊரின் பெரிய ஆலயமான புனித மரியாள் ஆலயத்தைக் கூரை ஓவியங்களுக்காகவே பகலில் ஒருமுறை பார்க்கலாம்.

முக்கியமான ஒன்று: முதுகுப்பையை ஹோட்டலிலேயே வைத்துவிட்டுப் போங்கள். 2019-ல் கட்டுவாப்பிட்டிய ஆலயத்துக்குள் குண்டு வந்தது ஒரு முதுகுப்பையில்தான். அதன் பிறகு ஈஸ்டர் வந்தாலே ஆலயங்களில் போலீஸ் காவல், பைச் சோதனை எல்லாம் உண்டு. சோதனை செய்பவரிடம் சலித்துக்கொள்ளாதீர்கள். பெரிய பையோடு ஒருவர் உள்ளே வந்தால் அங்கிருப்பவர்களுக்கு என்ன நினைவு வரும் என்று யோசித்தாலே போதும்.

ஞாயிறு: கடலும் விருந்தும்

நோன்பு முடிந்தது. இனி தாராளமாகக் கொண்டாடலாம். காலையில் கிரிபத் எனும் பாற்சோறு. நல்ல நாள் என்றால் இலங்கை வீடுகளில் செய்வது. மதியத்துக்குக் களப்பு நண்டு, இறால். சூடு தணிந்தபின் களப்பில் படகுச் சவாரி. தெற்கு முனையில் முத்துராஜவெல சதுப்புநிலமும், கரையோரக் கண்டல் காடுகளும், பறவைகளும் பார்க்கக் கிடைக்கும். கடலில் இறங்கும் முன் கரையில் இருப்பவர்களிடம் நீரோட்டம் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். சிவப்புக் கொடி இருந்தால் அவ்வளவுதான், இறங்க வேண்டாம்.

குழந்தைகளுக்கு 'முட்டை வேட்டை' வைக்கலாமா? தாராளமாக. ஆனால் பிளாஸ்டிக் முட்டைகளும் ஜிகினாத் தாளும் மணலுக்கு வேண்டாம். 2021 மே மாதம் இந்தக் கடற்பகுதியில் 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்தது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் கரையெங்கும் ஒதுங்கின. மீன்பிடிக்கத் தடை வந்து மீனவர்கள் வருமானம் இழந்தார்கள். சாக்லேட்டும் இந்த வெயிலில் உருகிவிடும். மஞ்சள், பீட்ரூட், வெங்காயத் தோல் போட்டு அவித்த முட்டைகளே போதும். நிறமும் வரும், பசிக்கும் ஆகும்.

கட்டுவாப்பிட்டிய ஆலயத்துக்குப் போகலாமா?

போகலாம். சீரமைக்கப்பட்ட ஆலயத்தில் வழிபாடுகள் நடக்கின்றன. குண்டுவெடிப்பில் இரத்தம் தெறித்த உயிர்த்த இயேசுவின் சிலை, அந்தக் கறைகளோடு கண்ணாடிப் பேழையில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அதன் முன் செல்ஃபி வேண்டாம். 'அன்னைக்கு நீங்க இருந்தீங்களா?' என்று யாரிடமும் கேட்கவும் வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை, ஒரு மெழுகுவத்தி, சில நிமிட அமைதி போதும்.

'இப்படி ஒரு ஊருக்கு ஜாலியாகப் போவது சரியா?' என்று சிலருக்குத் தயக்கம் வரலாம். 2019 தாக்குதலுக்குப் பிறகு சுற்றுலாப் பயணிகள் வருகை சரிந்தது. அடுத்த ஆண்டு கொரோனா, பிறகு கப்பல் விபத்து, 2022-ல் பொருளாதார நெருக்கடி. ஆட்டோ ஓட்டுநரும் படகோட்டியும் சின்ன விடுதி நடத்துபவரும் எல்லா அடியையும் வாங்கினார்கள். எனவே யாரும் வராமல் இருப்பது அவர்களுக்கு மரியாதை ஆகாது. ஒருவேளை உணவையாவது ஹோட்டல் பஃபேக்கு வெளியே, உள்ளூர்க் கடையில் சாப்பிடுங்கள். படகுச் சவாரியை நேரடியாகப் படகுக்காரரிடம் பேசி முடியுங்கள்.

உங்கள் பயணம் ஏப்ரல் 21 வரை நீண்டால், அன்று காலை 8.45-க்கு இரண்டு நிமிடம் எழுந்து நில்லுங்கள். கடற்கரையில் இருந்தாலும் சரி, சாப்பாட்டு மேசையில் இருந்தாலும் சரி.