இதயத்தின் உழைப்பும் ஓய்வும்: மாரடைப்பின் பின்னரான பொறிமுறை உதவி பற்றிய சில குறிப்புகள்

மாரடைப்புக்கு ஆளானவர் ஓய்வெடுக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். ஆயின், ஓய்வு பெறவேண்டியது உடலா, இதயமா என்ற வினா நெடுங்காலம் எழுப்பப்படவில்லை. நோயாளியை வாரக்கணக்கிற் படுக்கையிற் கிடத்துவதே மருத்துவ மரபாயிருந்தது. 1952இல் பொஸ்ரன் நகர மருத்துவர்களான சாமுவேல் லெவைன், பேர்னாட் லவுன் ஆகியோர் நோயாளிகளை நாற்காலியில் அமர்த்தினர். படுத்திருக்கையில் இதயத்துக்குத் திரும்பும் குருதி மிகுந்து அதன் சுமையைக் கூட்டுகின்றது என்பது அவர்தம் வாதம்.

ஓய்வு என்பது இங்கு அளவிடத்தக்க உழைப்புச் சுமை பற்றிய பிரச்சினையாகின்றது. அமைதியான நிலையிலும் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 இலீற்றர் குருதியைச் செலுத்துகின்றது. எவ்வளவு குருதி என்பதைவிட, எந்த அமுக்கத்துக்கு எதிராக, அறைச்சுவர் எத்துணை இழுவிசைக்கு உட்பட்டு என்பதே அதன் ஒட்சிசன் தேவையைப் பெரிதும் நிர்ணயிக்கின்றது. மாரடைப்பில் தசையின் ஒரு பகுதி இறக்க, எஞ்சிய தசை அதன் பங்கையும் சுமக்கின்றது. இடது இதயவறை விரிகின்றது. விரிவு இழுவிசையை மேலும் கூட்டுகின்றது.

1967இல் நியூயோர்க்கில் ஏட்ரியன் கான்ரோவிற்ஸ் நோயாளியின் பெருநாடியினுள் பலூன் ஒன்றைச் செலுத்தினார். இதயம் தளர்கையில் அது விரியும். சுருங்குமுன் ஒடுங்கி, எதிர்நிற்கும் அமுக்கத்தைக் குறைக்கும். தத்துவம் நேர்த்தியானதே. ஆயினும், மாரடைப்பால் அதிர்ச்சிநிலையுற்ற 600 பேரிடம் ஜேர்மனியில் நடத்தப்பெற்று 2012இல் வெளியான ஆய்வு, பலூனால் இறப்புக் குறைந்ததாகக் காட்டவில்லை.

குருதியை வெளியே எடுத்து, ஒட்சிசனேற்றி, தொடை நாடிவழியே மீளச் செலுத்தும் பொறியின் நிலை இன்னும் முரண்பாடானது. உறுப்புகளுக்குக் குருதி கிடைக்கின்றது. நலிந்த இதயவறையோ எதிர்த்துவரும் அவ்வோட்டத்துக்கு எதிராகவும் உழைக்கவேண்டியதாகின்றது. குருதியை ஓட்டுவது வேறு, இதயத்தின் சுமையை இறக்குவது வேறு.

சுமையை நேரடியாக இறக்கும் முயற்சி நீரிறைப்பிலிருந்து பிறந்தது. 1970களின் நடுப்பகுதியில் எகிப்தியக் கிராமமொன்றில் ஆர்க்கிமிடீசின் திருகினால் நீர் இறைக்கப்படுவதைக் கண்ட அமெரிக்கரான ரிச்சட் வம்ப்ளர், நாடிவழியே செலுத்தத்தக்க சுழல்பம்பியை உருவாக்கினார். 1988இல் ஹியூஸ்ரனில் அது நோயாளியிடம் முதன்முதற் பயன்பட்டது. (அறிவியல் வரலாறு தனிமனித மேதைமையின் வரலாறாகவே எழுதப்படுவதால், நீரிறைத்தோர் பெயரற்றோராகவே உள்ளனர்.) பின்னர் ஜேர்மனியில் உருவான நுண்பம்பி, இதயவறையிலிருந்தே குருதியை உறிஞ்சிப் பெருநாடியிற் சேர்க்கின்றது. அறை வெறுமையாவதால் இழுவிசை தணிகின்றது.

முதலிற் சுமையை இறக்கி, 30 நிமிடம் கழித்தே அடைபட்ட நாடியைத் திறக்கலாமா என 50 பேரிடம் அமெரிக்காவில் ஆராயப்பட்டது. 2018இல் வெளியான அவ்வாய்வு, இது செய்யக்கூடியது என்பதை மாத்திரமே காட்டிற்று. இறக்கும் தசையின் அளவு குறையும் என நிறுவவில்லை.

அதிர்ச்சிநிலையுற்றோர் 355 பேர் பற்றிய 2024ஆம் ஆண்டு ஆய்வு வேறு வகையினது. 180 நாட்களுள் வழமையான சிகிச்சை பெற்றோருள் 58.5 வீதத்தினர் இறக்க, நுண்பம்பியும் பெற்றோருள் இறந்தோர் 45.8 வீதத்தினர். குருதிப்பெருக்கு, காலுக்குக் குருதி குன்றல், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியன பம்பி பெற்றோரிடத்து மிகுந்திருந்தன. ஆய்வுக்கு நிதியளித்தோருள் பம்பியின் உற்பத்தி நிறுவனமும் ஒன்றாகும். இதனால் முடிவு பொய்யாகிவிடாது. ஆயினும் டென்மார்க், ஜேர்மனி, பிரித்தானியா ஆகிய நாடுகளின் தேர்ந்த மருத்துவமனைகளிற் பெறப்பட்ட இவ்வெண்களை, பல்லாயிரம் டொலர் பெறுமதியான கருவியை ஒருமுறை பாவித்து எறியவியலாத நாடுகளுக்கு அப்படியே பொருத்திப் பேசுதல் ஏற்புடையதன்று.