ஆய்வுப் பாதை – 9: நடுகல் ஆய்வும் கருத்தரங்க மேடையும்

ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் உயிர்நீத்த வீரர்களுக்காக எழுப்பப்பட்ட நடுகற்கள் தருமபுரி மாவட்டத்தில் மிகுதியாகக் கிடைக்கின்றன. அவற்றுள் சில வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் வழிபாட்டில் உள்ளன. இவற்றைப் பொருளாகக் கொண்டு இம்மாவட்டத்திலிருந்தே ஆய்வு செய்யும் முதுநிலை மாணவருக்கு மூலச்சான்று ஊரருகே இருப்பினும், அச்சான்றைப் படித்துப் பழகிய வல்லுநர்கள் பெரும்பாலும் சென்னை, தஞ்சாவூர், புதுச்சேரி, மைசூர் போன்ற நகரங்களிலேயே இருக்கின்றனர். அவ்வல்லுநர்கள் ஒரே அரங்கில் கூடும் இடம் என்பதனாலேயே கருத்தரங்கு அவருக்கு இன்றியமையாததாகிறது.

கல்வெட்டின் மேல் ஈரத்தாளை ஒற்றித் தூரிகையால் தட்டி, எழுத்துப் பள்ளங்களில் தாள் படிந்தபின் மேற்பரப்பில் மை பூசி எடுக்கும் நகலே மைப்படி எனப்படும். தமிழகத்தில் முற்காலத்தில் வழங்கிய வளைகோட்டு வரிவடிவமான வட்டெழுத்தில் மெய்க்குரிய புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. பகரமும் வகரமும் ஒன்றுபோலத் தோன்றுவதும் உண்டு. கல் தேய்ந்திருந்தால் ஓர் எழுத்தின் ஐயம் ஊர்ப்பெயரையும் அரசன் பெயரையும் மாற்றிவிடக்கூடும் என்பதால், தனியாகப் படித்த வாசகத்தை நேரே ஆய்வேட்டில் ஏற்றுவதைவிட, மைப்படியின் படத்தைத் திரையில் காட்டிப் பலர் கண்முன் படித்து, மறுப்புகளைக் கேட்டுத் திருத்திக்கொள்வது பாதுகாப்பானது. பட்டத் தேர்வின்போது எழக்கூடிய கேள்வி ஓராண்டு முன்னரே எழுந்துவிடுவது மாணவருக்கு ஆதாயமே.

நடுகல் ஆய்வின் வரலாறும் இதற்குச் சான்றாகும். இரா. நாகசாமியின் பதிப்பில் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை ‘செங்கம் நடுகற்கள்’ நூலை 1972இலும், நடுகற்கள் பற்றிய கருத்தரங்கக் கட்டுரைகளை 1974இலும், தருமபுரிக் கல்வெட்டுகளை 1975இலும் வெளியிட்டது. மூலம் திரட்டுதலும் கூடி விவாதித்தலும் அடுத்தடுத்து நடந்தமையால் இத்துறை ஊன்றி நின்றது. தமிழகத் தொல்லியல் கழகத்தின் ஆண்டுக் கூட்டங்களிலும் ‘ஆவணம்’ இதழிலும் புதிய கண்டுபிடிப்புகள் தொடர்ந்து முன்வைக்கப்படுகின்றன. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வட்டெழுத்துக்கு முற்பட்ட தமிழ் பிராமி எழுத்துடைய நடுகற்களைக் கண்டறிந்தபின், எழுத்துடை நடுகற்களின் காலம் பல நூற்றாண்டுகள் பின்னோக்கி நகர்ந்தது. இத்தகைய மாற்றங்களை நூலாக வரும்வரை காத்திராமல் அறிந்துகொள்ள, துறைசார்ந்தோர் கூடும் அரங்குகளே உதவுகின்றன.

ஒப்பீட்டுக்கும் அங்கு வழி திறக்கிறது. ஒகேனக்கல்லில் காவிரியின் மறுகரை கர்நாடகம். அங்கு ‘வீரகல்லு’ எனப்படும் இவ்வகைக் கற்களை ஆய்வோருடன் பேசும் தருமபுரி மாணவர், மாநில எல்லை பழைய பூசல்களின் எல்லையன்று என்பதை உணர்வார். அவர்கள் சுட்டும் கட்டுரைகளுள் சில அவருடைய கல்லூரி நூலகத்தில் இல்லாதவையாகவும் இருக்கலாம்.

முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் இரண்டு கட்டுரைகளைக் கருத்தரங்குகளில் வாசித்திருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறின. 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் அக்கட்டாயத்தை நீக்கின. கட்டாயம் இருந்த காலத்தில், கட்டணம் செலுத்தியவர் அனைவருக்கும் சான்றிதழ் வழங்கி, ஒரே அமர்வில் பல கட்டுரைகளை ஐந்தைந்து நிமிடங்களில் முடித்துவிடும் கூட்டங்களுக்கும் வரவேற்பு இருந்தது. கேள்விக்கு நேரம் ஒதுக்காத அத்தகைய அரங்குகளில் மாணவர் பெறுவது சான்றிதழ் மட்டுமே. கட்டாயம் விலகிய நிலையில், செலவும் பயணமும் தகுமா என்பதைத் தீர்மானிக்கும் அளவுகோல், கட்டுரைக்குப்பின் நடைபெறும் விவாதத்தின் தரமாகவே இருத்தல் வேண்டும்.

அத்தகைய அரங்குகளை அடையாளம் காணும் முறையும், முந்நூறு சொற்களில் ஆய்வுச் சுருக்கம் எழுதும் முறையும் அடுத்த இதழில் விளக்கப்படும்.

(தொடரும்)