ஊர்த் தேர்தலுக்கு நாம் பணம் அனுப்பலாமா?

தேர்தல் காலம் வந்தால் சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் நம்மவர் வீடுகளுக்குத் தொலைபேசி அழைப்புகள் கூடிவிடும். நலம் விசாரித்து முடித்ததும், "அண்ணா, நம்ம ஆள் நிற்கிறார், கொஞ்சம் கவனியுங்க" என்பார்கள். எனக்கும் வந்திருக்கிறது. நான் சித்தூர்க்காரன் என்பதால் சங்க அன்பர்கள் பலர் இதுபற்றி என்னைக் கேட்பதுண்டு.

முதலில் செலவுக் கணக்கு. 2022இல் உயர்த்தப்பட்ட வரம்பின்படி ஆந்திராவில் மக்களவை வேட்பாளர் 95 லட்சம் ரூபாயும், சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சமும் செலவிடலாம். 2024 மே 13 அன்று இரண்டு தேர்தலும் ஒரே நாளில் நடந்தன. சித்தூர் மக்களவைத் தொகுதிக்குள் நகரி, குப்பம், பலமனேர் உட்பட 7 சட்டமன்றத் தொகுதிகள். எல்லாவற்றிலும் நிற்கும் ஒரு கட்சியின் 8 வேட்பாளர்களுக்கும் சேர்த்துப் பார்த்தால் 3 கோடியே 75 லட்சம். நாற்காலி, ஷாமியானா, தேநீர் வரை மாவட்டத் தேர்தல் அதிகாரி (நம் கலெக்டர்தான்) விலைப்பட்டியல் போட்டுவிடுவார். முடிவு வந்த 30 நாளில் வேட்பாளர் கணக்கு ஒப்படைக்க வேண்டும்.

இத்தனை கெடுபிடியும் வேட்பாளருக்குத்தான். கட்சியின் பொதுப் பிரசாரச் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது! ஹெலிகாப்டரில் வந்திறங்கும் நட்சத்திரப் பேச்சாளரின் பயணச் செலவும் பொதுவாக வேட்பாளர் கணக்கில் ஏறாது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆகவேதான் கட்சிக்கு நன்கொடை தேவைப்படுகிறது, நம் வீட்டுத் தொலைபேசியும் அடிக்கிறது.

கொடுக்கலாமா என்பது உங்கள் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. இந்தியக் குடிமகனாகவே இருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கட்சிக்குத் தரலாம். 20,000 ரூபாய்க்கு மேல் போனால் அந்த விவரத்தைக் கட்சி தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவரோ, ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டார்தான். கட்சிக்கோ, உறவல்லாத வேட்பாளருக்கோ அவர் பணம் தரக்கூடாது. "மச்சான் கணக்கில் போட்டுவிடுகிறேன், அவர் கொடுத்துவிடுவார்" என்பதும் செல்லாது. வாங்கிக் கொடுக்கும் மச்சானும் மாட்டிக்கொள்வார். ஊரில் இருப்பவர் அவர்தானே!

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் 6ஏ படிவம் கொடுத்து, பாஸ்போர்ட்டிலுள்ள ஊர் முகவரியில் வாக்காளராகப் பதியலாம். ஆனால் நேரில் போய்த்தான் ஓட்டுப் போடவேண்டும். அப்படிப் போகிறவர்கள் வேலூரில் நகை வாங்கலாமென்று ரொக்கத்தோடு கிளம்பினால் கவனம். எல்லையில் பறக்கும் படை காரை நிறுத்தும். 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் வங்கிச் சீட்டையும், கல்யாணமென்றால் பத்திரிகையையும் கையோடு வைத்திருங்கள்.