கவுன்சிலரைக் கேள்வி கேட்டால் வழக்கு வருமா?

கிராமத்தாருக்குக் கிராம சபை இருக்கிறது. மாநகராட்சியில் குடியிருக்கும் நாங்கள் எங்கே போய்ப் பேசுவது?

உங்களுக்கும் ஒன்று உண்டு. பலருக்கு அது தெரியாது, அவ்வளவுதான். அதற்குப் பெயர் ஏரியா சபை. பகுதி சபை என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2022-ல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி, பம்மலில் நடந்த கூட்டத்தில் முதல்வர் ஸ்டாலினே கலந்துகொண்டார். ஒரு வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு சபை. அங்கே வாக்காளராக இருந்தால் போதும், யாரும் உங்களை அழைக்க வேண்டியதில்லை.

ஒரு குறை உண்டு. பகுதிப் பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. அது நியமனப் பதவி. கவுன்சிலருக்கு வேண்டியவர்களே முன்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறார்கள் என்ற புகார் இதனால்தான் எழுகிறது. பின்வரிசையில் நின்றாவது பேசுங்கள்.

பேசினேன். ‘பார்க்கிறோம்’ என்றார்கள். அப்புறம்?

வாய்ச்சொல்லோடு நிறுத்தினால் அதோடு போச்சு. மனுவாக எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பிறகு தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். ‘ஏன் சாலை போடவில்லை?’ என்று கேட்டால் ஏதாவது மழுப்பி எழுதிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். மதிப்பீடு, ஒப்பந்த ஆணை, வேலை அளந்து எழுதிய எம்-புக், பில் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரியை எடுத்துக்கொள்ளவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. ஜல்லிக் கலவையில் ஒரு கைப்பிடி கேட்டு விண்ணப்பித்துப் பாருங்கள், அலுவலகத்தின் தோரணையே மாறும்.

குண்டும் குழியுமான சாலையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டேன். மாநகராட்சி மானநஷ்ட வழக்கு போடும் என்று மிரட்டுகிறார்கள்.

போட முடியாது. இதற்கு வழி திறந்தது தமிழ்நாட்டு வழக்கு ஒன்றுதான். கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிட நக்கீரன் இதழ் முனைந்தபோது அதிகாரிகள் அதைத் தடுக்கப் பார்த்தார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. 1994-ல் வந்த தீர்ப்பு, அரசோ உள்ளாட்சி அமைப்போ தன் மானம் போய்விட்டதாகச் சொல்லி நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது என்றது. அதிகாரிகளின் அலுவல் பற்றிய விமர்சனத்துக்கும் பெரிய அளவில் பாதுகாப்பு கிடைத்தது. பொய் என்று தெரிந்தோ, உண்மையா என்று கவலையே படாமலோ எழுதினால்தான் சிக்கல். இணையப் பதிவுக்காகக் கைது செய்யப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவையும் 2015-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

அதற்காக எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குற்றவியல் அவதூறுச் சட்டம் செல்லும் என்று 2016-ல் அதே நீதிமன்றம் சொன்னது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு. ‘சாலை போட்டு 3 மாதத்தில் பெயர்ந்துவிட்டது’ என்பது நீங்கள் கண்ணால் கண்டது, கையில் படமும் இருக்கிறது. ‘இன்னார் கமிஷன் அடித்துவிட்டார்’ என்று பெயரோடு எழுதினால் நீதிமன்றம் உங்களிடம் சான்று கேட்கும். அந்தக் கூற்றுக்குக் கையில் காகிதம் இல்லாதவரை, படத்தோடு நிறுத்துங்கள்.

மாமன்றக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாமா?

முடியாது, பேச்சு உறுப்பினர்களுக்குத்தான். ஆனால் கூட்டத்தைப் பொதுமக்கள் பார்க்கலாமா, நடவடிக்கைக் குறிப்பு கிடைக்குமா என்பதை அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு.

கண்டித்து போஸ்டர் ஒட்டலாமா?

பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி, சொந்தக்காரர் சம்மதம் இல்லாமல் சுவரில் ஒட்டக் கூடாது. தலைவர்களின் பிறந்தநாள் போஸ்டருக்கும் இதே சட்டம்தான். அதையும் மனுவில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.